கிளாக்கர் மாமா விட்ட ஃபீலர்

ஒரு விஷயத்தைக் கேட்காமலே கேட்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதைக் கிளாக்கர் மாமாவின் வாயிலிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன். ஃபீலர், அப்ரோச், ஓவச்சர், ப்ரப்போசல் என்று படிப்படியாக அடுக்குவார். ஒரு படியைத் தாண்டி அடுத்ததில் கால் வைத்தால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்ற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். இன்றைக்கும் யாராவது என்னிடம் வந்து "சும்மா ஒரு ஃபீலர் விட்டுப் பாப்பமே" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஆளை அப்படியே எழுப்பி வாசலுக்கு அனுப்பிவிடலாமா என்று இருக்கும்.

கிளாக்கர் மாமா உம்மாவின் சாச்சா மகன், சித்தப்பா பிள்ளை. கல்முனையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் நெடுங்காலம் லிகிதராக, அதாவது கிளார்க்காக, இருந்து, தலைமை லிகிதராகி, பென்சன் எடுத்தவர். நடக்காத ஒரு வேலையை நடந்துகொண்டே இருப்பது போல ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதுதான் அவருடைய உத்தியோகம். அதில் அவரை அடிக்க ஆள் இல்லை என்பார்கள். பென்சன் எடுத்த பிறகு அந்தத் திறமையைக் குடும்பத்துக்குள் இறக்கிவிட்டார். இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிப் பழகிய வாயால் "ஹோப்ஃபுலி" என்பார். வாப்பா அதை வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

வாப்பா வேளாண்மைக்காரர். வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால், வாய்க்காலுக்குப் பொறுப்பான வட்டவிதானையின் வீட்டு வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தக்கூடிய மனிதர். அப்படிப்பட்டவருக்கு, மகளுக்கு மாப்பிள்ளை கேட்டுப் போவது என்றால் மட்டும் கால் ஓடாது. இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கத்தில், பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். ஆண் வீட்டார் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் மகனைக் கூடையில் வைத்துக் கூவி விற்கிறார்கள் என்று பேச்சு வரும். பெண்ணுக்கு வீடும் பெற்றவர்கள்தான் கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அதில் வந்து குடியேறுவார். கேட்டுப் போனால் ஓம், இல்லை என்ற இரண்டில் ஒன்று வரும். இல்லை என்று வந்துவிட்டால் அடுத்த தொழுகை நேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பயம்தான் வாப்பாவைக் கொண்டுபோய்க் கிளாக்கர் மாமாவிடம் பிடித்துக் கொடுத்தது.

ராத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, வேண்டிய மாப்பிள்ளை யார் என்பதில் எங்கள் வீட்டில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. அவள் அக்கரைப்பற்றில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தாள். காலை பஸ்ஸில் போவாள். அதே பஸ்ஸில் நிந்தவூரில் ஒருவர் ஏறுவார், நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்பவர். யுத்தம் நடந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வழியில் சோதனைச் சாவடி வந்தால் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்து, மறுபக்கத்தில் ஏற வேண்டும். ஒருநாள் அப்படி நடக்கும்போது ராத்தாவின் கையிலிருந்த பரீட்சைத் தாள்கள் கடற்காற்றில் பறந்துவிட்டன. அந்த மனிதர் ஓடியோடிப் பொறுக்கி, பஸ்ஸுக்குள் வந்து இருந்து, மாணவர்களின் சுட்டெண் வரிசைப்படி அடுக்கி, ஒரு வார்த்தையும் பேசாமல் திருப்பிக் கொடுத்தாராம். மற்றப் பெண்கள் எதற்கெல்லாமோ மயங்குவார்கள். எங்கள் ராத்தா சுட்டெண் வரிசைக்கு மயங்கினாள்.

அவள் சுற்றி வளைக்கிறவள் இல்லை. உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் குந்தி, "உம்மா, எனக்கு மாப்பிள கேக்கிறெண்டா அவரக் கேளுங்க. வேற ஆரையும் கேக்க வேணா" என்றாள். உம்மா கையைக்கூடக் கழுவாமல் எழுந்துபோய் வாப்பாவிடம் சொன்னாள். விசாரித்ததில் குடும்பம் நல்ல குடும்பம், பிள்ளை நல்ல பிள்ளை. மாப்பிள்ளையின் வாப்பா மவுத்தாகிவிட்டார். உம்மாவும் ஒரு பெரியப்பாவும்தான் பொறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை சட்டையை மாற்றிக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். கதை அங்கேயே முடிந்திருக்கும், நானும் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஆனால் கிளாக்கர் மாமா தேத்தண்ணீர் குடிக்க வந்துவிட்டாரே.

"மச்சான், அவசரப்படாதீங்க" என்றார் வாப்பாவிடம். "எடுத்த எடுப்பில போய் ப்ரப்போசல் வெச்சா, அவங்க மாட்டமெண்டா என்ன செய்றது? முதல்ல ஒரு ஃபீலர் விடுவம். ஃபீலருக்கு ரெஸ்பொன்ஸ் எப்பிடியெண்டு பாத்து அப்ரோச் பண்ணுவம். அப்ரோச் சரியா வந்தா ஓவச்சர். கடைசிலதான் ப்ரப்போசல். எல்லாம் டென்டடிவ்வாத்தான் போகணும்."

"ஃபீலரெண்டா என்ன மச்சான்?" என்றார் வாப்பா.

"அது கேக்கிற மாதிரி இரிக்கும். ஆனா கேக்கிறல்ல."

வாப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. கேட்காமலே கேட்கலாம் என்று ஒரு வழி இருக்கிறதே, இது தெரியாமல் இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்ற சந்தோசம். நான் அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் அகராதியைப் புரட்டினேன். ஃபீலர் என்றால் பூச்சிகளின் தலையில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மீசையாம். கரப்பான் பூச்சி குசினிச் சுவரில் நின்று ஆட்டுகிறதே, அதுதான். அதைத்தான் மாமா எங்கள் குடும்பத்தின் சார்பில் நிந்தவூருக்கு அனுப்பப்போகிறார் என்று ராத்தாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அவரு போய்க் கேட்டாச் சரி. பேரு என்னவெண்டாலும் வெச்சிக்கட்டும்" என்றாள்.

தமிழிலும் இப்படிச் செய்கிறவர்கள் உண்டுதான். ஆனால் தமிழில் அதற்கு இருக்கும் பெயர்களைப் பாருங்கள். வாயைக் கிண்டுகிறான், ஆழம் பார்க்கிறான், நாடி பிடிக்கிறான். எதிலும் மரியாதை இல்லை. செய்கிறவன் கொஞ்சம் கள்ளன் என்று சொல்லே காட்டிக் கொடுத்துவிடும். அதே வேலையை ஆங்கிலத்தில் செய்துவிட்டால் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. 'எக்ஸ்ப்ளோர் பண்றம்' என்கிறார்கள். 'சவுண்ட் பண்ணிப் பாத்தம்' என்கிறார்கள். என்ன சத்தம் கேட்டது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

மாமா நிந்தவூருக்குப் போய், பள்ளிவாசலில் மாப்பிள்ளையின் பெரியப்பாவைச் சந்தித்துவிட்டு வந்தார். வாப்பா கதிரையின் நுனியில் இருந்தார். பெண்கள் நாங்கள் மூவரும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றோம்.

"என்ன கதைச்சீங்க?"

"நேரா ஒண்டும் கதைக்கல்ல. அது கூடாது. ஊட்டு வேலையப் பத்தி எடுத்தன். மச்சான் மகளுக்கு நல்லா ஊடு கட்டுறாரு, எல்லாம் ஒரு ஒழுங்கில போகுது, மாப்பிள விசயத்தில எங்களுக்குப் பிரச்சின இல்ல எண்டு ஒரு டச் குடுத்தன்."

"அதுக்கு அவரு?"

"சந்தோசமெண்டாரு." மாமா ஒரு விரலை உயர்த்தினார். "மாஷா அல்லாஹ், சந்தோசம் எண்டாரு. தட் இஸ் பொசிட்டிவ்."

வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார். உம்மா கண்ணைத் துடைத்தாள். ராத்தா என் கையைப் பிடித்து நசுக்கிய நசுக்கில் எனக்கு விரல் வலித்தது. அப்படி ஒரு சந்தோசத்தை அவள் முகத்தில் அதற்கு முன்னால் நான் கண்டதில்லை. இதை எழுதும்போதும் மாமாமீது எனக்கு ஆத்திரம் வருகிறது. உண்மையில் அவர் சொன்னதை நாங்கள் யாரும் சரியாகக் கேட்கவே இல்லை. பொசிட்டிவ் என்ற சொல் காதை அடைத்துவிட்டது.

அதன் பிறகு வீடு மாறத் தொடங்கியது. எங்கள் வளவில் கடலைப் பார்த்த பக்கத்தில் ராத்தாவுக்கான வீடு அத்திவாரத்தைத் தாண்டி எழும்பியிருந்தது. இரண்டு அறை, மண்டபம், குசினி என்று வாப்பாவும் மேசனும் பேசி முடித்த வீடு. இப்போது மாமா நிந்தவூரிலிருந்து 'இண்டிகேசன்' கொண்டுவரத் தொடங்கினார். மாப்பிள்ளையின் பெரியப்பா கடல் காற்று உடம்புக்கு ஆகாது என்று ஏதோ பேச்சில் சொன்னாராம். கிழக்கு யன்னல் அடைபட்டு வடக்குச் சுவரில் திறந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வெளியே கக்கூசுக்குப் போக விரும்புவதில்லை என்று அவர் சொன்னாராம். படுக்கையறைச் சுவரை உடைத்து உள்ளேயே கக்கூஸ் கட்டினார்கள். படுக்கிற இடத்திலா என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வரைபடங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வேலை செய்கிறவர் என்று மாமா அறிந்து வந்ததும், மண்டபத்தில் பாதியைத் தடுத்து 'ஒஃபிஸ் ரூம்' எழும்பியது. மேசன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மனுசன ஒருக்காக் கூட்டி வந்து காட்டுங்களன், அளவெடுத்துக் கட்டித்தாறன்" என்றான். வாப்பா அவனைப் பேசாமல் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

மாப்பிள்ளை என்ற மனிதர் மட்டும் இதில் எங்கும் இல்லை. அவருடைய யன்னலும் கக்கூசும் மேசை போடும் இடமும் இருந்தன.

"அப்ரோச் எப்ப மச்சான்?" என்று வாப்பா இடையிடையே கேட்பார். ஒரு மாதம் மாமா ரோட்டில் பிரச்சினை என்றார். சிச்சுவேசன் கொண்டியூசிவ் இல்லையாம். அடுத்த மாதம் நோன்பு. அதன் பிறகு வேளாண்மை வெட்டு. ரோடு திறந்து, நோன்பு முடிந்து, நெல்லும் வீட்டுக்கு வந்த பிறகு, "இப்ப போனா நாம அவசரத்தில இரிக்கம் எண்ட மாதிரி ஒரு இம்ப்ரெசன் போகும்" என்றார். மனிதனுக்கு வெட்கம் என்று ஒன்று இருக்க வேண்டும்.

இதற்குள் வேறு இடங்கள் பேச்சுக்கு வந்தன. அட்டாளைச்சேனையில் ஒரு ஆசிரியர் இருந்தார். அவருடைய ராத்தாவும் எங்கள் ராத்தாவும் ஒரே பாடசாலை. கேட்டுப் போனால் தருவார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். மாமா இரண்டு கையையும் விரித்தார். ஒரு ஃபீலர் வெளியில் இருக்கும்போது இன்னொரு இடத்தைப் பார்ப்பது எத்திக்ஸ் இல்லையாம். ராத்தாவும் அதைத்தான் விரும்பினாள். அவளுக்கு எத்திக்ஸ் ஒன்றும் இல்லை, நிந்தவூர்தான்.

அவள் என்னிடம் மட்டும் ஒரு விஷயம் சொன்னாள். முன்பெல்லாம் அவர் பஸ்ஸில் ஏறியதும் பெண்கள் பக்கம் ஒருமுறை பார்ப்பாராம், அவள் வந்திருக்கிறாளா என்று. இப்போது பார்ப்பதில்லையாம். சோதனைச் சாவடியில் இறங்கி நடக்கும்போதும் ஒதுங்கிப் பின்னால் வருகிறாராம். நாங்கள் இருவரும் படுத்திருந்து அதை ஆராய்ந்தோம். கலியாணப் பேச்சு நடக்கும்போது நேரே பார்ப்பது மரியாதை இல்லை என்று வெட்கப்படுகிறார் என்று நான்தான் சொன்னேன். அவளும் அதையே நினைத்து வைத்திருந்தாள். இப்படியும் ஒரு நல்ல மனிதரா என்று சந்தோசப்பட்டோம்.

ஆனாலும் அவளுடைய பொறுமை கரைந்துகொண்டுதான் இருந்தது. ஒருநாள் மாமா மண்டபத்தில் இருக்கும்போது திரைச்சீலையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

"மாமா, அவங்களக் கேட்டாச்சா, கேக்கல்லயா?"

"கேக்கிற எண்டது பெரிய சொல்லு மகள்" என்றார் மாமா. "நாங்க இப்ப எக்ஸ்ப்ளோரட்டரி ஸ்டேஜில இரிக்கம்."

"ஓமெண்டு செல்லுங்க, இல்லாட்டி இல்லையெண்டு செல்லுங்க."

"அப்பிடியெல்லாம் வெட்டொண்டு துண்டு ரெண்டாக் கதைக்க ஏலா. இதெல்லாம் டெலிகேட்."

உம்மா அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள். வாப்பா மாமாவிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் மாமாவின் தேத்தண்ணீருக்குச் சீனி போடாமல் கொடுத்தேன். அதையும் அவர் டெலிகேட்டாகக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த வருசம் மாரிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, மாப்பிள்ளையின் உம்மா எங்கள் வாசலில் வந்து இறங்கினார். கூட ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்திருந்தார். ஆண் வீட்டுப் பெண்பிள்ளை தானாக வந்து இறங்குவதென்றால் வேறு என்னவாக இருக்கும்? ஃபீலர் பழுத்து, அப்ரோச்சும் ஓவச்சரும் ஒன்றாக விழுந்துவிட்டன என்றே நினைத்தோம். உம்மா பலகாரத்துக்குத் தொதல் வெட்டினாள். பெருநாளைக்கு மட்டும் வெளியே வரும் கோப்பைகளை நான் இறக்கினேன். ராத்தா அறைக்குள் போய் நல்ல சாரி ஒன்றை உடுத்துக்கொண்டாள். நான்தான் ஊசி குத்திவிட்டேன்.

உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தேத்தண்ணீர் ஆறுவதற்குள் அவரை எழுப்பிப் புதிய வீட்டைக் காட்ட அழைத்துக்கொண்டு போனாள். நாங்களும் பின்னால் போனோம். வந்தவர் நல்ல மனுசி. ஒவ்வொரு அறையாக நின்று பார்த்து மாஷா அல்லாஹ் சொன்னார். சின்ன அறைக்குள் எட்டிப் பார்த்து, "இது ஆருக்குத் தங்கச்சி?" என்றார்.

"மாப்பிளைக்கு. இருந்து எழுத" என்றாள் உம்மா, முகமெல்லாம் சிரிப்பாக.

"குடுத்து வெச்ச மாப்பிள" என்றார் அவர். பிறகு மண்டபத்து யன்னலடியில் நின்று, வந்த காரியத்தைச் சொன்னார். "வாற வெள்ளிக்கிழம மகனுக்குக் கலியாணம், காவின் எழுதுற. மருதமுனையில பொண்ணு. எல்லாரும் வந்திரணும். சொல்லிட்டுப் போகத்தான் வந்தன்."

நான் ராத்தாவைப் பார்க்கவில்லை; பார்க்கத் தைரியம் வரவில்லை. வந்தவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பெண்களுக்கு இப்படிப்பட்ட விஷயங்கள் விளங்க நேரம் எடுக்காது. அவர் முகமும் மெல்ல மாறியது.

"இந்த ஊடு ஆருக்குக் கட்டினீங்க?" என்றார் சத்தத்தைக் குறைத்து.

உம்மா அழத் தொடங்கினாள்.

"அல்லாவே" என்று அந்த மனுசி அங்கேயே சிமெந்துத் தரையில் இருந்துவிட்டார். "உங்கட கிளாக்கர் வந்து, மாப்பிள விசயமெல்லாம் ஒழுங்கு, ஊடும் கட்டுறம் எண்டாரே. புள்ளைக்கு மாப்பிள முடிஞ்சிட்டு எண்டுதான் மகன்ட பெரியப்பா வந்து சொன்னாரு. அவரும் சந்தோசம் எண்டு சொல்லிட்டு வந்தவரு. அதுக்குப் பொறகு உங்கட கிளாக்கர் வந்து யன்னலப் பத்தியும் கக்கூசப் பத்தியும் கேட்டா, இவருக்கென்ன, ஊடு கட்டுறாரு, அனுபவம் கேக்கிறாரு எண்டு நினைச்சம்."

அவர் ராத்தாவின் கையைப் பிடித்தார்.

"மகன் எனக்கிட்டக் கேட்டவன் மகள். பஸ்ஸில வாற கணக்கு டீச்சர், அவங்கட ஊட்டால கேட்டு வருவாங்களா உம்மா எண்டு கேட்டவன். நாங்களா வந்து சொல்ல ஏலுமா? வருவாங்க, பொறு எண்டன். மறுகா இந்தக் கதை வந்திட்டு. மாப்பிள முடிஞ்ச பொம்புளயப் பாக்கக் கூடா மகன், பாவம் எண்டு நான்தான் அவனுக்குச் சொன்னன்."

"கேட்டிருந்தாத் தந்திருப்பீங்களா மாமி?" என்றாள் ராத்தா.

"கேட்ட அண்டைக்கே ஓமெண்டிருப்பன்."

ராத்தா தலையை ஆட்டினாள். அவரைக் கைபிடித்து எழுப்பி, சாரியில் ஒட்டியிருந்த சிமெந்துத் தூசியைத் தட்டிவிட்டு, ஓட்டோவரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்தாள். அதன் பிறகுதான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்று முழுக்க அவள் அழுத சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாப்பா வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கத்தில் ஒரு தென்னையில் சாய்ந்து நின்றார். யாரும் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

மறுநாள் கிளாக்கர் மாமா வந்தார். ஆள் அனுப்பியிருந்தோம். நடந்ததை வாப்பா சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். முகத்தில் ஒரு கலக்கம் வரும், ஒரு மன்னிப்பாவது வரும் என்று பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அன்ஃபோச்சுனேட்" என்றார். பிறகு நிமிர்ந்து இருந்துகொண்டார்.

"ஆனா மச்சான், ஒண்ட யோசிங்க. நாம போய்க் கேட்டு, அவங்க மாட்டமெண்டு செல்லியிருந்தா இண்டைக்கு ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்க ஏலுமா? நாம கேக்கவேயில்ல. அதால அவங்க மறுக்கவும் இல்ல. நம்மட மானத்துக்கு ஒரு கீறலும் இல்ல."

வாப்பா, சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, மெல்லத் தலையை ஆட்டினார். உண்மைதான், யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று முணுமுணுத்தார். அவர் முகத்தில் ஒரு ஆறுதல்கூட வந்தது. மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. உற்சாகம் வந்து, சம்மாந்துறையில் ஒரு இடம் இருக்கிறது, மிக இன்ஃபோமலாக ஒரு சொல் போட்டுப் பார்க்கலாம் என்று தொடங்கினார்.

ராத்தா உள்ளேயிருந்து வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. சத்தம் மட்டும் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் சத்தமாக இருந்தது.

"மானம் பத்திரமா இரிக்கா மாமா?"

"ஓம் மகள். அதில ஒரு குறையுமில்ல."

"அப்ப வேற ஆரையும் தேட வேணா. ஊடு கட்டி முடிஞ்சிட்டு. வாப்பா, உங்கட மானத்தையே கூட்டி வந்து அதுக்குள்ள எனக்கு மாப்பிளையா வெச்சிருங்க."

சொல்லிவிட்டு அவள் அங்கேயே நின்றாள், பதில் வரட்டும் என்று. மாமா ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கி நிறுத்திவிட்டார். வாப்பா தன் மகளின் முகத்தைப் பார்க்க முயன்றார், முடியவில்லை.